யந்திரத்துக்கு வேலி

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் முகப்பில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டாலைத் தூண்களைத் தடவிப் பார்க்கிறார்கள். வளவில் நின்று அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார்கள். இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படி வரைக்கும் போகிறவர்கள் சிலரே. அதற்கும் அப்பால், பின்தெரு மதில் வரைக்கும் ஒரு தோட்டம் கிடக்கிறதே, அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்காமலிருப்பதே நல்லது. வீடு நிறைய ஆட்கள் இருந்த காலத்தில் வாழையும் கறிவேப்பிலையும் நின்ற இடத்தில், இன்று எருக்கும் சீமைக் கருவேலும் உடைந்த ஓடுகளும்தான் குடியிருக்கின்றன.

நான் வாடகைக்கு இருக்கும் வீடும் அப்படிப்பட்டதுதான். வீட்டுக்காரியான ஆச்சி சென்னையில் மகனோடு இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் போன் பண்ணினார்.

"தம்பி, படைப்புக்கு எல்லாரும் வர்றோம். பின்னால தோட்டத்தைக் கொஞ்சம் துப்புரவு பண்ணி வையுங்க. பிள்ளைக நடமாட வேணும்ல?"

"ஆகட்டும் ஆச்சி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாக்கை நிறைவேற்ற இரண்டு ஆட்களை ஏற்பாடு செய்தேன். ஒருவர் இளைஞர், தோளில் மாட்டும் புல்வெட்டி மிஷினும் சங்கிலி ரம்பமும் சொந்தமாக வைத்திருந்தார். இன்னொருவர் அறுபதைத் தாண்டியவர். வெட்டிப் போடுவதை அள்ளிக் குவிக்க வந்தவர். அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், இந்த யந்திரங்கள் எங்கிருந்து எப்படி நம் கொல்லைப்புறம் வரைக்கும் வந்து சேர்ந்தன என்பதைச் சொல்ல வேண்டும். அந்த விபத்துக்குப் பிறகுதான் நான் இதையெல்லாம் தேடிப் படித்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பட்டாலையில் நிற்கும் தேக்குத் தூண்களிலிருந்தே தொடங்கலாம். பர்மாத் தேக்கு என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த மரத்தைக் காட்டில் வீழ்த்தியது கோடாலி. அதுவும் உடனே அல்ல. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளையையும் வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற நிலையிலேயே உலர விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. உலர்ந்த தேக்கு மிதக்கும். பிறகு வீழ்த்தி, யானையைக் கொண்டு ஆற்றுக்கு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் விட்டால் அது ரங்கூனுக்கோ மௌல்மேனுக்கோ போய்ச் சேரும். அங்கேதான் நீராவி ரம்ப ஆலை காத்திருக்கும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் மரம்தான் யந்திரத்தைத் தேடிப் போயிற்று. யந்திரம் மரத்தைத் தேடி வரவில்லை. நீராவி எஞ்சின் ஒரே இடத்தில் நின்றது. ஆகவே அபாயமும் ஒரே இடத்தில் நின்றது. நான்கு சுவருக்குள் நிற்கும் அபாயத்துக்கு வேலி போட முடியும். "வேலி" என்று நான் உவமையாகச் சொல்லவில்லை. சட்டத்தின் வார்த்தையே அதுதான். இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்தான் சுழலும் யந்திரங்களைச் சுற்றி வேலி அமைக்க வேண்டும் என்று முதலில் சொன்னது. ஆலை முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. பத்தாண்டு கழித்தும் அந்தச் சண்டை ஓயவில்லை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில், 1854-ல் ஹென்றி மார்லி என்பவர் ஆலைகளில் அரைபட்ட மனிதர்களைப் பற்றி எழுதினார். முதலாளிகள் மறு ஆண்டே தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு எதிர்த்தார்கள். தொழிலாளியைச் சிதைக்கும் உரிமையைப் பாதுகாக்கிற சங்கம் அது என்று அந்தப் பத்திரிகை கேலி செய்தது. கதை எழுதுகிறவர்களால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்வதற்காக இதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

நம் நாட்டில் 1881-ல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைக்கு மட்டுமே அது பொருந்தும். ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது, அபாயமான யந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்று அது சொல்லிற்று. ஏழு வயது! எட்டு வயதுக் குழந்தை போகலாம் என்று அர்த்தம். போகட்டும். பின்னால் சட்டங்கள் திருந்தின. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலியைப் பற்றியே ஒரு தனிப் பிரிவு இருந்தது. இன்ஸ்பெக்டர் இருந்தார், அபராதம் இருந்தது. ஆனால் இவை அனைத்தும் ஆலையின் வாசற்படியோடு நின்றுவிட்டன.

யந்திரமோ நிற்கவில்லை. அது படி தாண்டிக் களத்து மேட்டுக்கு வந்தது.

1960-களின் பிற்பகுதியில் வடக்கே பஞ்சாபிலும் ஹரியானாவிலும் புதிய ரகக் கோதுமை மலைபோல் விளைந்தபோது, மாட்டைக் கட்டிப் போரடித்து மாளவில்லை. மின்சாரத்திலும் எஞ்சினிலும் ஓடும் கதிரடிக்கும் யந்திரங்களைச் சிறு பட்டறைகள் வரிசையாகச் செய்து தள்ளின. அறுவடைக் காலத்தில் இரவு பகலாக ஓட்டம். தூக்கக் கலக்கத்தில் கூலிக்காரர் ஒருவர் கதிர்க்கட்டை வாய்க்குள் தள்ளுவார். கட்டு சிக்கிக்கொள்ளும். கையால் ஒரு தள்ளு தள்ளுவார். கட்டோடு கையும் போய்விடும். இப்படிக் கை போனவர்கள் அந்தச் சீமையில் ஏராளம்.

இதற்கான பரிகாரம் மிகவும் சாதாரணமானது. கதிரைத் தள்ளும் தொட்டியின் நீளம் 90 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதில் உருளையை ஒட்டிய 45 சென்டிமீட்டர் மேலே மூடியிருக்க வேண்டும் என்று தர நிர்ணயம் செய்தார்கள். மனிதனுடைய கையை நீட்டினால் உருளை வரைக்கும் எட்டாது. அவ்வளவுதான். ஜாக்கிரதையாக இரு என்று புத்தி சொல்வதற்கும், கை எட்டாதபடி யந்திரத்தைச் செய்வதற்கும் இடையில் எவ்வளவு தூரம் பாருங்கள்! ஆனால் ஒரு சாண் தகரம் மிச்சமானால் விலையில் கொஞ்சம் குறையுமே. 1983-ல் பாராளுமன்றம் அபாயகரமான யந்திரங்களை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்றியது. கதிரடிக்கும் யந்திரம்தான் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. செய்பவனுக்கும் விற்பவனுக்கும் உரிமம் வேண்டும், காயப்பட்டவனுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. கிராமப்புறத்தில் பயன்படும் வேறு யந்திரங்களையும் சேர்த்துக்கொள்ள மத்திய அரசாங்கத்துக்கு அதில் இடம் இருக்கிறது.

களத்து மேட்டில் நின்ற யந்திரமாவது தரையில் நின்றது. அடுத்து வந்தது மனிதனுடைய கையிலேயே ஏறிக்கொண்டது.

சங்கிலி ரம்பத்தின் பிறப்பு விசித்திரமானது. அது மரத்துக்காகப் பிறந்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் ஐட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்று இரண்டு ஸ்காட்லாந்து வைத்தியர்கள், பிரசவத்தில் சிக்கிக்கொண்ட பெண்ணின் இடுப்பெலும்பை அறுப்பதற்கும், கெட்டுப்போன எலும்பை நீக்குவதற்கும் கையால் இழுக்கும் பல்வைத்த சிறு சங்கிலியைப் பயன்படுத்தினார்கள். மயக்க மருந்து தெரியாத காலம். மேலே எழுத எனக்குக் கை வரவில்லை. மரத்துக்கு அது பயன்பட இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926-ல் மின்சாரத்திலும் 1929-ல் பெட்ரோலிலும் ஓடும் ரம்பங்களைச் செய்தார். அதைத் தூக்க இரண்டு ஆட்கள் வேண்டும். ஒரே ஆள் தூக்கக்கூடிய ரம்பம் பரவியது 1950-ஐ ஒட்டித்தான். அதற்குள் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946-ல் ஒரு வண்டுப் புழு கட்டையைக் குடைவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். புழுவின் தாடை இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிப்பதைக் கண்டு, அதே மாதிரி ரம்பப் பல்லைச் செய்தார். இன்றைக்கும் சங்கிலி ரம்பத்தின் பல் அந்தப் புழுவின் தாடைதான்.

புல்வெட்டி மிஷினின் கதை இன்னும் வேடிக்கை. ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பல்லாஸ் என்று ஒருவர். நடனப் பள்ளி நடத்தியவர். 1971-ல் மோட்டார் கழுவும் நிலையத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது, சுழலும் நைலான் தூரிகைகள் கண்ணாடியைத் துடைப்பதைப் பார்த்தார். வீட்டுக்குப் போய் ஒரு தகர டப்பாவில் துளையிட்டு, மீன்பிடி நரம்பை மாட்டி, மோட்டாரில் சுழல விட்டார். புல் பறந்தது. ஒரு நாட்டியக்காரருக்குச் சுழற்சியில் நம்பிக்கை வந்ததில் ஆச்சரியமில்லை. நரம்புக்குப் பதில் இரும்பு வட்டத்தை மாட்டினால் முட்புதரையும் அறுக்கலாம். நம் பக்கத்தில் வாடகைக்கு வருவது பெரும்பாலும் அந்த ரகம்தான்.

அதை இங்கே வரவழைத்தது சீமைக் கருவேல். அமெரிக்கக் கண்டத்து மரம்; 1877 வாக்கில் சென்னை மாகாணத்துக் கடப்பைப் பக்கம் கொண்டுவந்து நட்டார்கள். பிறகு விறகுப் பஞ்சம் தீர்க்கும் என்று பரப்பப்பட்டு, சிவகங்கை, ராமநாதபுரம் சீமைகளில் கண்மாய், ஊருணி, தரிசு என்று பார்க்காமல் ஏறிவிட்டது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு அதுதான் அன்னதாதா என்பதையும் மறக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென் மாவட்டங்களில் இந்த மரத்தை அடியோடு அகற்றும்படி உத்தரவிட்டது. அதே ஆண்டில் சென்னையில் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடையும் வந்தது. இடைப்பட்ட சில மாதங்களில் எங்கள் ஊர்ப் பக்கம் காது கொடுத்துக் கேட்க முடியாது. எல்லாத் திசையிலும் ரம்பச் சத்தம். மண்வெட்டி பிடித்த கைகள் பல அந்தக் கோடையில்தான் முதல்முறையாகப் பெட்ரோல் ரம்பத்தைப் பிடித்தன. கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. கயிற்றை இழுத்தால் ஓடுகிறது. அதற்கு மேல் என்ன கற்க வேண்டும்?

கற்க வேண்டியது இருக்கிறது. சங்கிலி ரம்பத்தின் நாக்கு நுனியில் மேல்பாதி ஒரு பொல்லாத இடம். ஓடுகிற சங்கிலியின் அந்த இடம் கட்டையில் பட்டால், அறுப்பதற்குப் பதிலாக ரம்பம் துள்ளி எழுந்து பிடித்திருப்பவரின் முகத்துக்குத் திரும்பும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். சுதாரித்துக்கொள்வதற்கு நேரம் கிடையாது. காட்டில் தனியாக நிற்கும் தேக்கு என்றால் நுனி வேறெதிலும் படாமல் அறுக்கலாம். சீமைக் கருவேல் அப்படியா நிற்கிறது? ஒரே தூரிலிருந்து ஏழெட்டுக் கிளை தரையோடு படர்ந்து வளைந்து கிடக்கும். ஒன்றை அறுக்கும்போது நுனி இன்னொன்றில் இடிக்கும். வளைந்த கிளை வில் மாதிரி. வெட்டுப்பட்டதும் விசையோடு நிமிரும். இதனால்தான் இரண்டு கைகளாலும், கட்டைவிரல் கீழே சுற்றி வர, இறுகப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது என்பதும் அதற்காகவே. 1970-களின் தொடக்கத்தில் ரம்பத்துக்குத் தானாகப் பிடிக்கும் பிரேக் வந்தது. துள்ளினால் முன்கைத் தகடு மணிக்கட்டில் பட்டுச் சங்கிலி நின்றுவிடும். அந்தத் தகடு உடைந்த ரம்பத்தை நூறு ரூபாய் குறைத்து வாடகைக்குக் கொடுப்பவரும் உண்டு. வாங்கிப் போகிறவரும் உண்டு.

நம் பழைய ஆட்கள் முள் வெட்டும் முறையை நினைத்துப் பார்க்கிறேன். இடது கையில் கவைக்கம்பு, வலது கையில் அரிவாள். கவையால் கிளையை அமுக்கி எட்ட வைத்துக்கொண்டு வெட்டுவார்கள். காலில் டயர்ச் செருப்பு. எந்தச் சட்டமும் சொல்லிக்கொடுக்காத தற்காப்பு அது. முள்ளுக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு கம்பு நீளம் இருக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. யந்திரம் வந்ததும் கவைக்கம்பைப் போட்டுவிட்டோம். கைலி மட்டும் மாறவில்லை. சங்கிலி ரம்பக்காரர்களுக்கென்று மேல்நாட்டில் ஒரு கால்சட்டை இருக்கிறது. சங்கிலி பட்டால் உள்ளே இருக்கும் நூல்கள் வெளிப்பட்டுப் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ஓட்டத்தை நிறுத்திவிடும். சித்திரை வெயிலில் காரைக்குடியில் அதை மாட்டிக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரம்பம் பிடிப்பதற்கும் அதற்கும் நடுவே எத்தனையோ படிகள் இருக்கின்றன. முரட்டுத் துணியில் முழுக் கால்சட்டை, தோல் பூட்ஸ், கண்ணுக்கு உறை, காதுக்கு அடைப்பு ஆகிய நான்குக்கும் இங்கே கிடைக்காத பொருள் எதுவும் தேவையில்லை.

புல்வெட்டியின் அபாயம் வேறு மாதிரி. அது பிடித்திருப்பவரைவிட அருகில் நிற்பவரையே அதிகம் தேடும். இரும்பு வட்டம் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்குக் குறையாமல் சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து அங்குல வட்டத்தின் விளிம்பு அப்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. வழியில் ஒரு கூழாங்கல் கிடந்தால் அது கவண்கல். ஆகவேதான், 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது என்று மிஷினோடு வரும் புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வட்டத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட பகுதி கட்டையில் படக் கூடாது. பட்டால் மிஷின் பக்கவாட்டில் உதைக்கும். வட்டத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். கல்லைத் தடுப்பது அதுதான். புல் அதில் சிக்கி வேலை தாமதமாகிறது என்று பலரும் முதல் வாரத்திலேயே அதைக் கழற்றி எறிந்து விடுகிறார்கள்.

எங்கள் தோட்டத்துக்கு வந்த மிஷினிலும் மூடி இல்லை. நான் அதைப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய பொருள் என்று அப்போது எனக்குத் தெரியாது. பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்; வெட்டி முடிந்ததும் அள்ளலாம் என்ற எண்ணம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்வாசல் படியில் தேநீர் டம்ளரோடு நின்ற நான்தான் சொன்னேன்:

"அண்ணே, அவர் வெட்ட வெட்ட நீங்க கூடவே அள்ளிக்கிட்டு வந்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுமே."

அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். கூலி கொடுக்கிறவன் சொன்னால் எழுந்து போகத்தான் செய்வார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்காது. புல்லுக்குள் கிடந்த ஓட்டுத் துண்டு ஒன்று வட்டத்தில் பட்டது. சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததைத்தான் பார்த்தேன்.

மதுரைக்குக் காரில் கொண்டுபோனோம். வலது கண் போயிற்று.

அதன் பிறகு ஒரு வக்கீல் நண்பரிடம் போனேன். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலை அவர் எடுத்துக் காட்டினார். (2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அதையும் சேர்த்துவிட்டார்கள்.) அப்படி ஒரு பட்டியலை நான் வாழ்நாளில் படித்ததில்லை. கட்டைவிரல் போனால் நூற்றுக்கு 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50. இன்னொரு கண் நன்றாக இருந்து, ஒரு கண் மட்டும் போனால் 40. சம்பாதிக்கும் சக்தியில் இத்தனை பங்கு குறைந்தது என்று கணக்கு. கொடூரமாகத் தோன்றினாலும், இந்தக் கணக்கு எழுதப்படுவதற்கு முன்னால் விரலுக்கு விலையே கிடையாது என்பதை நினைத்துக்கொண்டேன்.

"கண்ணுக்கு நாற்பது. சரி, இவருக்குக் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

நண்பர் புத்தகத்தை மூடினார். ஆலை என்றால் வழி தெளிவு; டிராக்டர் முதலிய யந்திரங்களால் விவசாயம் செய்கிற வேலைக்கும் பட்டியலில் இடம் உண்டு. ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் புல் அள்ளியவர் எந்த வரியில் வருவார் என்று முதலில் வாதாட வேண்டும் என்றார். முதலாளி யார் என்பதே அடுத்த கேள்வி: மிஷின்காரரா, நானா, வீட்டுக்கார ஆச்சியா?

ஆச்சி இந்தக் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை அனுப்பினார். படைப்பை அந்த ஆண்டு சுருக்கிக்கொண்டார்கள். நான் கொடுத்த தொகையை இங்கே எழுதப் போவதில்லை. பெரியவர் கேட்டதல்ல அது; போதும் என்று நினைத்து நான் கொடுத்ததும் அல்ல. மிஷின்காரர் சில மாதம் அந்தத் தொழிலை விட்டிருந்தார். பிறகு மூடி வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பவும் வந்துவிட்டார். சரஸ்வதி பூஜையன்று அவருடைய மிஷினைப் பார்த்தேன். மூடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்.

போன தை மாதம் தோட்டம் மறுபடியும் காடாகி, மறுபடியும் வெட்ட வேண்டியதாயிற்று. இந்தத் தடவை முதல்நாளே நானும் மிஷின்காரரும் தோட்டத்தை நடந்து பார்த்து, ஓட்டுத் துண்டு, கம்பி, பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தோம். இரண்டு சாக்கு நிறைந்தது. மறுநாள் பெரியவரும் வந்தார். நான் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு முகம் இல்லை. மிஷின்காரர்தான் அழைத்து வந்திருந்தார்.

வெட்ட வேண்டிய இடத்திலிருந்து வேப்பமரத்தை நோக்கி நான் தப்படி போட்டு எண்ணினேன். இருபது வந்தது. அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்து, "அண்ணே, மிஷின் ஓடுறப்ப இந்தக் கல்லைத் தாண்டி வரவேண்டாம்" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி, இடது கண்ணால் செங்கல்லைப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்கு எட்டுக் கால் குட்டை. இன்னும் ரெண்டு தப்படி தள்ளி வையுங்க" என்றார்.

தள்ளி வைத்தேன். மிஷின் ஓடி நிற்கும் வரைக்கும் அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நின்ற பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாய்க்காற்பலகையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.